சுக்கான் பிடித்த இரவுகள்

ஒவ்வொரு மாதமும் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் எங்கள் ஊர் மேற்கு வானத்தைப் பார்க்கிறது. மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்திலும் மொட்டைமாடிகளிலும் நின்று பிறை தெரிகிறதா என்று தேடுவோருடன் நானும் நிற்பேன். ஆயினும் என் உள்ளத்தில் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பிறை பிறக்கும் நாட்களே நிலவொளி இல்லாத நாட்கள். ஒரு மாதத்தின் கடைசி நான்கைந்து இரவுகளிலும் மறுமாதத்தின் முதல் சில இரவுகளிலும்தான் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களைப் படமெடுக்க இயலும். ஊரார் நிலவைத் தேடும் நேரத்தில், அது விரைவில் மறைந்துவிடும் என்று மகிழ்பவன் நான் ஒருவனே.

தொழுகை நேரங்களும் இக்கலைக்குத் துணையாக அமைந்திருப்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பின்னரே வானில் முழு இருள் கவிகிறது என்பது வானியலார் கணக்கு. பல தொழுகை அட்டவணைகள் இஷாவின் தொடக்கத்தையும் பஜ்ரின் தொடக்கத்தையும் அதே 18 பாகையைக் கொண்டே கணிக்கின்றன. ஆகவே, இஷாவுக்கும் பஜ்ருக்கும் இடைப்பட்ட பொழுதுதான் எனக்குரிய பொழுது. பஜ்ர் பாங்கு ஒலிக்கும்போது கேமராவை நிறுத்திவிட்டு ஒளுச் செய்யப் போகலாம். அதற்கு மேல் எடுக்கும் படத்தில் வெளுப்புதான் மிஞ்சும்.

வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு 2014இல் ஊர் திரும்பியபோது, பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கி வந்தேன். எட்டு அங்குல ஆடியும் ஒரு மீட்டர் குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி அது. எங்கள் ஊர் கீழக்கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது. வீட்டுக் கொல்லையின் தெற்கு வேலியைத் தாண்டினால் மணல்வெளி, அதற்கப்பால் கடல். கடலில் தெருவிளக்கு இல்லை. தெற்கு வானம் அவ்வளவு இருட்டாகக் கிடைப்பது பெரும்பேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

விண்மீன் திரளைப் படமெடுப்பது நிலவைப் படமெடுப்பதைப் போன்றதன்று. அதன் ஒளி மிக மங்கலானது. கேமராவின் கண்ணைப் பல நிமிடங்கள் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பூமி சுழன்றுகொண்டே இருக்கிறது. ஒரு வினாடியில் வானம் 15 விகலை நகர்கிறது. பத்து நிமிடத்தில் இரண்டரைப் பாகை. அதாவது, ஐந்து முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். என் கேமராவிலோ ஒரு படப்புள்ளி ஏறத்தாழ ஒரு விகலையைக் காட்டும். எனவே வானம் நகரும் அதே வேகத்தில் தொலைநோக்கியும் நகர்ந்தாக வேண்டும்.

அதற்கென ஒரு தாங்கி உண்டு. அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்து, மோட்டாரால் மெல்லச் சுழற்ற வேண்டும். அச்சின் சாய்வு நம் ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அது 50 பாகை. எங்களுக்கு 9 பாகை. தாங்கியைச் செய்தவர்கள் எங்கள் ஊரை நினைத்துப் பார்க்கவில்லை போலும். அதன் அளவுகோல் 15 பாகையோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே சாய்த்தால் எடைக்குண்டு முக்காலியின் காலில் இடித்தது. இறுதியில் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரிடம் சொல்லி, சாய்வான இரும்புத் தகடு ஒன்றைச் செய்வித்து, கிணற்றடிக்கு அருகே சிமெண்டுத் தூண் கட்டி அதன் மேல் பொருத்தினேன். துருவ விண்மீனைப் பார்த்து அச்சைச் சரிசெய்யுங்கள் என்று எல்லாப் புத்தகங்களும் கூறுகின்றன. எங்கள் கொல்லையில் துருவ விண்மீன் பனைமரங்களுக்குப் பின்னே, அடிவானப் புழுதிக்குள் புதைந்து கிடக்கிறது. ஆகவே ஒரு விண்மீன் எந்தப் பக்கம் விலகுகிறது என்று மணிக்கணக்கில் பார்த்து, அச்சைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதல் முறை அதற்கே மூன்று இரவுகள் ஆயின.

இத்தனைக்குப் பிறகும் மோட்டாரை நம்ப முடியாது. உள்ளே இருக்கும் பற்சக்கரத்தில் மயிரிழை அளவு குறை இருந்தாலும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொலைநோக்கி முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவு படத்தில் விண்மீனைப் புழுவாக்கிவிடும். அதைத் திருத்துவதுதான் கையால் வழிநடத்தும் வேலை. பெரிய தொலைநோக்கியின் முதுகில் சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கட்டியிருப்பேன். அதன் கண்ணருகு வில்லையில் செந்நிறமாய் ஒளிரும் குறுக்குக் கோடுகள் இருக்கும். ஒரு விண்மீனை அந்தக் கோடுகள் வெட்டும் புள்ளியில் நிறுத்தி, அது விலகும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்தித் திரும்பக் கொண்டுவர வேண்டும். பத்து நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. கொசு கடித்தாலும் அடிக்கக் கூடாது, தூண் அதிரும். கடற்காற்றின் ஈரம் வில்லையில் பனியாய்ப் படியும். பத்து நிமிடம் முடிந்ததும் துடைத்துவிட்டு அடுத்த படம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு படங்களை எடுத்து, கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால், இரைச்சல் குறைந்து திரளின் உருவம் தெளியும்.

இந்தப் பாடு எனக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 964ஆம் ஆண்டளவில் இஸ்பஹானில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் நிலைவிண்மீன் நூலில் ஆண்ட்ரோமெடாத் திரளை ஒரு சிறு மேகமாகக் குறித்து வைத்தார். அவரிடம் இருந்தவை இரு கண்கள் மட்டுமே. அதே மேகத்தை 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் நெடுநேரம் படமெடுத்தபோதுதான் அதன் சுருள் அமைப்பு புலப்பட்டது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிச் சென்ற மில்டன் ஹியூமசன், பின்னர் அங்கேயே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, ஹப்பிளின் உடனுழைப்பாளராக உயர்ந்தார். மிக மங்கலான திரள்களின் ஒளியைப் பதிவதற்காக அவர் குளிரில் இரவு முழுதும் கண்ணருகு வில்லையை விட்டு அகலாமல் அமர்ந்திருந்தவர். அந்த வரலாறுகளைப் படித்துவிட்டு, அகலாமல் அமர்ந்திருப்பதே இக்கலையின் அறம் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவில்தான் பிழை நேர்ந்தது.

2018 ஏப்ரல், ரஜப் மாதத்தின் கடைசி இரவுகள். சென்டாரஸ் ஏ என்ற திரளைக் குறி வைத்திருந்தேன். 1826இல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்டறிந்த திரள் அது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளிப்பந்து ஒன்றின் குறுக்கே கரிய தூசுப்பட்டை கட்டியதுபோலத் தோன்றும். முன்னொரு காலத்தில் அது வேறொரு திரளை விழுங்கியது என்றும், அந்தப் பட்டை அதன் எச்சம் என்றும் வானியலார் கருதுகின்றனர். இலண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. எங்களுக்கோ சித்திரை மாத நள்ளிரவில் கடலுக்கு மேலே 38 பாகை உயரத்தில் நிற்கும்.

வாப்பாவுக்கு அப்போது 74 வயது. இளமையில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்குத் தோணியில் சுக்கானியாக இருந்தவர்கள். பின்னர் தண்டலாகவும் இருந்தார்கள். முழங்கால்கள் தளர்ந்துவிட்டன. இரவின் பிற்பகுதியில் தஹஜ்ஜத் தொழுவதற்காக எழுவார்கள். உம்மா மறைந்த பின்னர், அந்நேரத்தில் அவர்களைக் கைபிடித்து முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு.

ஐந்து படங்கள் நன்றாக முடிந்திருந்தன. ஆறாவது படத்தின் ஐந்தாம் நிமிடம். உள்ளிருந்து "தம்பி" என்ற குரல் கேட்டது. கண்ணை எடுக்காமலே, "அஞ்சு நிமிஷம் வாப்பா, இதோ வந்துடுறேன்" என்றேன். சிறிது நேரம் கழித்து மறுபடியும் "தம்பி". அந்தக் குரலில் அவசரம் இல்லை. நான் மறுமொழி கூறினேனா என்பது இன்று நினைவில் இல்லை. விண்மீன் கிழக்கே நகர முற்பட்டது, பொத்தானை அழுத்தினேன். அப்போது முற்றத்தில் செம்பு உருளும் ஓசை கேட்டது. அதைத் தொடர்ந்து வேறோர் ஓசை.

நான் ஓடியபோது வாப்பா தொட்டியடியில் கிடந்தார்கள். "ஒன்னும் இல்ல தம்பி, வழுக்கிடுச்சு" என்றார்கள். எழுப்ப முயன்றபோதுதான் கால் அவர்கள் வசத்தில் இல்லை என்று தெரிந்தது. இடுப்பருகே தொடையெலும்பு முறிந்திருந்தது. விடியும் முன்னரே வண்டி பிடித்து மதுரைக்குக் கொண்டு சென்றோம். அறுவை சிகிச்சை, நான்கு மாதப் படுக்கை, அதன் பின்னர் வாக்கர்.

உறவினர்கள் கேட்டபோதெல்லாம், இருட்டில் வழுக்கி விழுந்தார்கள் என்றே கூறினேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. வாப்பாவும் நான் அழைப்பைக் கேட்டும் வரவில்லை என்று யாரிடமும் கூறவில்லை. ஜுரைஜ் என்ற வணக்கசாலியின் வரலாற்றைச் சிறுவயதில் மதரசாவில் கேட்டிருக்கிறோம். தாய் அழைத்தபோது தொழுகையா தாயா என்று தயங்கி, தொழுகையிலேயே நின்றுவிட்டவர் அவர். அவரிடமாவது தொழுகை என்ற காரணம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு படத்தின் எஞ்சிய ஐந்து நிமிடங்கள். அந்தப் படத்தை விட்டு எழுந்திருந்தால் இழப்பு பத்து நிமிடம்தான். மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். திரள் எங்கும் போய்விடப்போவதில்லை. அதன் ஒளி 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்தது.

தொலைநோக்கியைக் கித்தானால் மூடிக் கட்டினேன். ஏறத்தாழ ஓராண்டு அதைத் தொடவில்லை. உப்புக்காற்றில் திருகாணிகள் துருவேறின. விற்றுவிடலாம் என்றும் எண்ணினேன்.

மறு ஆண்டு, ரஜப் பிறந்த சில நாட்களில், வாப்பா தாமாகவே கேட்டார்கள்: "அந்த வெள்ளிப் படம் என்னாச்சு? ஒரு வருஷமாக் காட்டவே இல்லையே." கணினியைத் திறந்து காட்டினேன். ஐந்து படங்களில் விண்மீன்கள் புள்ளிகளாய் இருந்தன. ஆறாவதில் ஒவ்வொரு விண்மீனுக்கும் வளைந்த ஒரு வால் இருந்தது. கேமரா நான் போன பின்னரும் தன் நேரம் முடியும்வரை திறந்தே இருந்து, பற்சக்கரத்தின் அசைவையெல்லாம் பதிந்திருந்தது. வாப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு, "இதுல சுக்கான விட்டுட்டு எந்திரிச்சுட்டியா?" என்றார்கள்.

நான் அதுவரை அவர்களிடம் கூறாததை அன்று கூறினேன். இரண்டு முறை அழைத்தது கேட்டது என்றும், எழ மனம் வரவில்லை என்றும் சொன்னேன். அவர்கள் தலையை அசைத்தார்கள். "தெரியும். வெளிய உன் செவப்பு வெளக்கு தெரிஞ்சுச்சு. சுக்கான்ல இருக்கவனக் கூப்பிடக் கூடாதுன்னு நானே போனேன்" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "ஆனா தோணியில சுக்கானி ஒருத்தன் மட்டும் இல்ல தம்பி. மாத்திக் குடுக்க இன்னொருத்தன் இருப்பான். நீ ஒத்த ஆளா ஓட்டுறே, அதான் தப்பு" என்றார்கள்.

என் குற்றத்தை அவர்கள் ஒரு வேலைமுறைக் குறையாக மாற்றிவிட்டார்கள். அது மன்னிப்பா, அல்லது சுக்கானியாக வாழ்ந்த ஒருவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

அந்த மாதக் கடைசியில், இஷாவுக்குப் பின், அவர்களைக் கொல்லைக்கு அழைத்து வந்தேன். தூணருகே நாற்காலி போட்டு, தோளில் சால்வை போர்த்தி அமர்த்தினேன். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து கடலின் மேலே மங்கிய புள்ளியாய் எழுந்திருந்தது. அதற்கு நாலரைப் பாகை வடக்கே நம் திரள். தெற்கே சிலுவை வடிவில் நின்ற நான்கு விண்மீன்களை நான் காட்டுமுன் அவர்களே காட்டினார்கள். ஆறாமீன் எந்த மாதம் எந்நேரத்தில் விழும், விடிவெள்ளி எப்போது ஏமாற்றும் என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் புத்தகத்தில் படித்ததை அவர்கள் தோணியின் பின்தட்டில் நின்று கற்றிருந்தார்கள்.

பின்னர் வழிநடத்தும் வில்லையில் அவர்களைப் பார்க்கச் சொல்லி, பொத்தான்களைக் கையில் கொடுத்தேன். படத்தின் நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்திருந்தேன். சிறு தொலைநோக்கியில் வலம் இடமாகத் தெரியும். முதல் படத்தில் அவர்கள் எதிர்ப்பக்கப் பொத்தானை அழுத்தியதால் விண்மீன் கோட்டை விட்டே ஓடிவிட்டது. இரண்டாவதும் வீணாயிற்று. மூன்றாவதில் அவர்கள் பொத்தானைத் தொடவே இல்லையோ என்று ஐயுற்றேன். விண்மீன் நடுங்குகிறதே என்று நினைவூட்டினேன்.

"நடுங்கட்டும். அலைக்கெல்லாம் சுக்கானத் திருப்புனா தோணி பாம்பு மாதிரிப் போவும். அலை வரும், போவும். நீரோட்டம் இழுக்குதான்னு மட்டும் பாரு. இழுத்தா, கொஞ்சமாத் திருப்பு" என்றார்கள்.

நான் நான்காண்டுகளாகச் செய்துவந்த பிழை அதுதான். காற்றின் கலக்கத்தால் விண்மீன் ஒவ்வொரு நொடியும் துடிக்கும். அந்தத் துடிப்பைத் துரத்திப் பொத்தானை அழுத்தினால், இல்லாத அசைவுக்குத் திருத்தம் செய்து, உண்மையான அசைவை நாமே உண்டாக்குகிறோம். பொறுத்திருந்து, விலகல் ஒரே திசையில் நிலைக்கிறதா என்று கண்ட பின்னரே தொட வேண்டும். அவர்களின் மூன்றாம் படத்திலிருந்த விண்மீன்கள் என் பழைய படங்களில் இருந்தவற்றை விட உருண்டையாக இருந்தன. அன்றிரவு அவர்கள் மூன்று நல்ல படங்களைத் தந்துவிட்டு, "போதும், நீ புடி" என்று கைமாற்றினார்கள்.

இந்தக் காலத்தில் கையால் வழிநடத்துவோர் அரிது. சிறு கேமரா ஒன்றும் கணினியும் சேர்ந்து அதே வேலையைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை அலுக்காமல் செய்துவிடும். என் ராத்தா மகன் அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஓயாமல் வற்புறுத்துகிறான். அவன் கூறுவது சரியே. பணம் சேர்ந்தால் வாங்குவேன். கையால் செய்வதில் தனிப் புனிதம் ஏதும் இல்லை. ஆயினும் இயந்திரம் வந்த பின்னும் உள்ளிருந்து அழைக்கும் குரலுக்கு எழ வேண்டியவன் நானே. அந்த வேலையைக் கணினி ஏற்றுக்கொள்ளாது.

வாப்பாவால் இப்போது பனியில் அமர முடிவதில்லை. அவர்கள் கட்டிலருகே அழைப்பு மணி ஒன்றைப் பொருத்தி, அதன் ஒலி கொல்லையில் கேட்குமாறு செய்திருக்கிறேன். முற்றத்துத் தொட்டியடியில் சொரசொரப்பான கல்லும் கைப்பிடியும் பதித்தாயிற்று. மணி ஒலித்தால் கேமராவை நிறுத்தும் நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுகிறேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் படத்தில் விண்மீன்களுக்கு வால் முளைத்திருக்கும். சென்ற ரஜபில் எடுத்த ஒன்பது படங்களில் இரண்டு அப்படி ஆயின. ஒன்று அவர்கள் தண்ணீர் கேட்டபோது. மற்றொன்று, எழுந்து போய்ப் பார்த்தால், "மணி வேல செய்யுதான்னு பார்த்தேன்" என்றார்கள்.

எஞ்சிய ஏழு படங்களையும் அவர்கள் வழிநடத்திய பழைய மூன்றையும் சேர்த்து அடுக்கிய சென்டாரஸ் ஏ இப்போது எங்கள் வீட்டு முன்கூடத்தில் சட்டமிட்டுத் தொங்குகிறது. தூசுப்பட்டை தெளிவாகத் தெரிகிறது. வால் முளைத்த அந்த ஆறாவது படத்தையும் நான் அழிக்கவில்லை. பிள்ளைகளைப் பெற்றோரும், பெற்றோரை இன்னும் உடன் வைத்திருக்கும் பேறு பெற்றோரும் இதை வாசித்தால், என் வாப்பாவின் உடல்நலத்துக்காக ஒரு துஆச் செய்யுமாறு வேண்டுகிறேன்.